குப்பாயி, நெர்குய், மாலோமோ: சாவுக்குப் பயந்து வைத்த பெயர்கள்

என் அப்பாயியின் பெயர் குப்பாயி. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் இவர் பிறந்ததும் முறத்தில் கிடத்திக் கொண்டுபோய், குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். பெற்றவள் அவளுக்கு ஒரு படி தவிடு கொடுத்து, தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கினாள். குப்பன், குப்புசாமி, தவிட்டான், பிச்சை எல்லாம் இந்த வழியில் வந்த பெயர்கள். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்று இன்றும் குழந்தைகளைச் சீண்டுகிறோமே, அதில் ஒட்டியிருப்பது இந்தத் தவிடுதான்.

இதே பயம் மங்கோலியாவில் வேறு வழி தேடியது. அங்கே பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்த குழந்தைக்கு நெர்குய் என்று பெயர் வைப்பார்கள். 'பெயர் இல்லாதது' என்று பொருள். ஹுன்பிஷ் என்றால் 'மனுசப்பிள்ளை இல்லை'. எனேபிஷ் என்றால் 'இது இல்லை', தெர்பிஷ் என்றால் 'அது இல்லை'. பிள்ளையைத் தூக்கிப்போக வரும் கெட்ட ஆவி ஆள் தெரியாமல் திரும்பிப் போக வேண்டும் என்பது கணக்கு. நாம் பிள்ளையை மதிப்பில்லாததாகக் காட்டினோம்; அவர்கள் பிள்ளையே இல்லை என்று சாதித்தார்கள்.

நைஜீரியாவின் யோருபா மக்கள் யாரையும் ஏய்க்கப் பார்க்கவில்லை. செத்துச் செத்து அதே தாய் வயிற்றில் வந்து பிறக்கும் பிள்ளையை அவர்கள் அபிகு என்பார்கள். சாகவே பிறந்தது என்று பொருள். (அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோயால் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததோடு இந்த நம்பிக்கையைச் சில ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள்.) அந்தப் பிள்ளையிடமே நேராகப் பேசுகிறது பெயர். மாலோமோ: இனிமேல் போகாதே. துரோஜையே: இருந்து வாழ்வை அனுபவி. பன்ஜோகோ: என்னோடு உட்கார். கொசோகோ என்றால் 'மண்வெட்டி இல்லை'. நீ செத்தால் குழி வெட்ட இங்கே ஒன்றும் மிச்சமில்லை என்று பிள்ளைக்குச் சொல்வது. 1845 முதல் 1851 வரை லாகோஸை ஆண்ட அரசர் ஒருவரின் பெயரே கொசோகோ.

மூன்றில் என் மனசு யோருபா பக்கம்தான் சாய்கிறது. குப்பாயியும் நெர்குயும் சாவின் காதில் விழ வைத்த பெயர்கள். மாலோமோ பிள்ளையின் காதில் விழ வைத்த பெயர். கூப்பிடும்போதெல்லாம் தாய் கெஞ்சுகிறாள். ஆனால் குப்பாயி என்ற பெயருக்குப் பின்னால் ஒரு சடங்கே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியும் அதில் பங்காளி.

இவற்றோடு 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' ஆகியவற்றை ஒரே வரிசையில் வைப்பது பெரிய தப்பு. எனேபிஷும் வேண்டாமும் பொருளில் பக்கத்தில் நிற்கலாம். எனேபிஷ், பிள்ளை வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். வேண்டாம், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்ன நிஜம். மகாராஷ்டிரத்தில் இதே கதைதான்: 'நகுஷி', அதாவது வேண்டாதவள். சாதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் விழா எடுத்து, 285 நகுஷிகளுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர்கள் மாறத்தான் வேண்டும்.

குப்பாயியை மாற்ற வேண்டியதில்லை. அப்பாயியின் அம்மா கடைசிவரை அவரைக் 'குப்பு' என்றுதான் கூப்பிட்டாராம், அதுவும் ஒவ்வொரு தடவையும் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு.