பொங்கல் விழாவுக்கு அழைத்த சிலம்பக் குழு: கம்புக்கு முழு மதிப்பெண், தீக்கு இல்லை

கடந்த பொங்கலுக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் விழாவில் ஆடுவதற்காக, சென்னையின் தென்புறநகரில் பயிற்சிப்பள்ளி நடத்திவரும் ஒரு சிலம்பக் குழுவை அழைத்திருந்தோம். திருமண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, கட்சிக்காரர் வீட்டுப் பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் வந்து ஆடிக்கொடுக்கும் இத்தகைய குழுக்கள் இப்போது பெருகியிருப்பதால், அழைக்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை, இதே தொழிலில் உள்ள மற்ற குழுக்களின் காணொளிகளைப் பத்து நிமிடம் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

பதினான்கு பேர், ஒன்றேகால் மணி நேரம், 18,000 ரூபாய் என்பது ஒப்பந்தம். அதில் 15,000 ரூபாய் சிலம்பம், வாள்வீச்சு, சுருள்வாள் (வளையக்கூடிய மெல்லிய தகட்டு வாள்), மான்கொம்பு (மான் கொம்புகளால் ஆன ஆயுதம்) ஆகியவற்றுக்கு. மீதமுள்ள 3,000 ரூபாய் ‘ஃபயர் ஐட்டம்’ என்று ஆசான் தொலைபேசியில் குறிப்பிட்ட பகுதிக்கு. தீப்பந்தம் சுற்றுவது, தீ வளையத்துக்குள் பாய்வது, எரியும் ஓடுகளைக் கையால் உடைப்பது, வாயில் எண்ணெய் வைத்து ஊதித் தீக்கோளம் எழுப்புவது என நான்கு உருப்படிகள் அதில் அடங்கும். அந்தப் பகுதி வேண்டுமா என்று ஆசான் கேட்டபோது விழாக்குழுவில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கை தூக்கியவன் நான்.

சிலம்பத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வணக்கமுறையில் தொடங்கி, காலடி வரிசைகளை நிதானமாகக் காட்டி, ஒற்றைக் கம்பிலிருந்து இரட்டைக் கம்புக்கு அவர்கள் போன விதத்தில் ஆண்டுக்கணக்கான பயிற்சி தெரிந்தது. பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கம்பைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது, நான்கு பேர் நான்கு திசையிலிருந்தும் எறிந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றுகூட அவள்மீது படவில்லை. சுருள்வாளைக் கையிலெடுத்த இளைஞர், சுழற்றத் தொடங்குவதற்கு முன் முன்வரிசையைப் பத்தடி பின்னால் நகரச் சொல்லி, எல்லோரும் நகர்ந்த பிறகே தொடங்கினார். அந்தக் கவனம் தீ வந்தவுடன் எங்கே போயிற்று என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத செய்தி.

தீப்பந்தம் ஏன் நம்மைக் கட்டிப்போடுகிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். விளக்குகளை அணைத்துவிட்டு இரண்டு முனையும் எரியும் கம்பைச் சுழற்றும்போது, கண்ணில் ஒளி ஒரு கணம் தங்கிவிடுவதால் இரண்டு தீப்பொட்டுகள் ஒரு முழு வட்டமாகத் தெரிகின்றன. சரியாக எரியாமல் மிஞ்சும் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதுதான் அந்தச் செம்மஞ்சள் நிறம். புகை எவ்வளவு அதிகமோ அவ்வளவு அழகு என்பது இதில் ஒரு வேடிக்கை. காற்றைக் கிழிக்கும் ஓசையும் முகத்தில் வந்து படும் வெப்பமும் சேர்ந்துகொண்டால் பார்ப்பவருக்கு மூச்சு நின்றுவிடும். சிறுவயதில் எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு வந்த கரகாட்டக் குழுவில் ஒருவர் மண்ணெண்ணெயை ஊதி எழுப்பிய தீக்கோளம், அந்த இரவில் ஆடப்பட்ட எல்லாவற்றையும் என் நினைவிலிருந்து துடைத்துவிட்டுத் தான் மட்டும் நிற்கிறது. ஐம்பது வயதில் நான் கை தூக்கியதற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் கோயில் புறப்பாட்டில் நாம் பார்த்து வளர்ந்த தீவட்டியும் இந்த மேடைத் தீயும் ஒன்றல்ல. தீவட்டிக்கு ஊற்றுவது இலுப்பெண்ணெய் போன்ற தாவர எண்ணெய். அவ்வகை எண்ணெய்கள் 200 டிகிரிக்கும் மேல் சூடேறினாலொழிய எளிதில் பற்றாதவை. திரி உறிஞ்சிக் கொடுத்தால்தான் எரியும், சிந்தினாலும் சட்டென்று பற்றிப் பரவாது. மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் போனாலே பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். சித்திரை வெயிலில் அது ஒன்றும் பெரிய சூடல்ல. பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரியிலேயே அந்த நிலையை அடைந்துவிடுகிறது. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப்போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும். ரேஷன் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பெட்ரோலையும் பெயின்டுக் கடைத் தின்னரையும் கலந்து பயன்படுத்துகிறோம் என்று ஆசானே நிகழ்ச்சிக்கு முன் இயல்பாகச் சொன்னார். அதைக் கேட்ட இடத்திலேயே அந்தப் பகுதியை நிறுத்தியிருக்க வேண்டும். நாற்காலி போடும் மும்முரத்தில் இருந்த எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

தீப்பந்தத்தில் முதல் பிழை தெரிந்தது. எண்ணெயில் தோய்த்த துணிமுனையைப் பற்றவைப்பதற்கு முன்பு ஒதுக்குப்புறமாக நின்று உதறி, மிகையான எண்ணெயை வெளியேற்றுவது தீயோடு தொழில்முறையில் ஆடுபவர்களின் பாலபாடம். இவர்கள் வாளியில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, அங்கேயே பற்றவைத்தார்கள். வாளி ஆடுகளத்தின் ஓரத்திலேயே திறந்து கிடந்தது. முதல் சுழற்சியில் எரியும் துளிகள் தெறித்து, ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்கு நான்கைந்து அடி முன்னால் விழுந்தன. குழந்தைகள் கைதட்டினார்கள், அவர்களுக்கு அதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி. தலைக்கு மேலே செயற்கை இழைத் துணியால் கட்டிய பந்தல் இருந்தது என்பது, அன்றிரவு படுத்த பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

வளையம் தாண்டியவர்கள் அணிந்திருந்தவை பாலியெஸ்டர் சீருடைகள். பருத்தித் துணி பற்றினால் எரியும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். பள்ளியின் பெயர் முதுகில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்ததாக ஒரு பயிற்சியாளர் சொன்னார். நல்லவேளையாக ஐவரும் எந்தக் காயமும் இன்றித் தாண்டினார்கள்.

ஓடு உடைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது இடையில் சிறு குச்சிகளை வைத்து இடைவெளி விட்டால், மேல் ஓடு உடைந்த வேகமே அடுத்த ஓட்டை உடைக்க உதவும். இடைவெளி இல்லாமல் அடுக்கினால்தான் கடினம். தீயும் அப்படித்தான். கை ஒரு நொடிக்கும் குறைவான நேரமே தழலுக்குள் இருப்பதால், காய்ந்த கையாக இருக்கும்வரை பெரும்பாலும் சுடுவதில்லை. ஆக, இந்த உருப்படியில் வீரம் தோன்றுகிற அளவுக்கு இல்லை. ஆபத்துதான் தோன்றுகிற அளவைவிட அதிகம். ஏனென்றால், கை எண்ணெயில் நனைந்துவிட்டால் தீ ஓட்டில் தங்காமல் கையோடு கிளம்பிவிடுகிறது.

இது தெரியாத செய்தியன்று. 2024 ஜூன் 22 அன்று நடிகர் விஜய்யின் பிறந்தநாளை ஒட்டிச் சென்னை நீலாங்கரையில் நடந்த நிகழ்ச்சியில், கையில் தீயோடு ஓடு உடைத்த சிறுவன் ஒருவன் தீக்காயமடைந்தான். அந்தக் காட்சி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தது. கள்ளச்சாராயச் சாவுகளால் அந்த ஆண்டு கொண்டாட்டங்கள் வேண்டாம் என்று நடிகரே கேட்டுக்கொண்டிருந்த நாள் அது. எங்கள் ஆசானும் அந்தக் காணொளியைப் பார்த்திருக்கிறார். “அவங்களுக்குப் பயிற்சி பத்தலை சார்” என்பது அவருடைய விளக்கம்.

எங்கள் விழாவில் ஓடு உடைக்க வந்தவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். முதல் அடியில் ஓடுகள் பாதிதான் உடைந்தன, தீயும் தணிந்தது. உடனே உதவியாளர் ஒருவர் தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த கலவையை, இன்னும் எரிந்துகொண்டிருந்த ஓடுகளின்மேல் மறுபடியும் ஊற்றினார். எரியும் பொருளின்மேல் பாட்டிலைச் சாய்ப்பதைப் போன்ற மூடத்தனம் வேறில்லை. பாதி காலியான பாட்டிலுக்குள் காற்றும் ஆவியும் கலந்து நிற்கின்றன. தழல் அதற்குள் புகுந்தால் பாட்டில் துருத்தியாக மாறி, வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தீயைக் கக்கும். அன்று அப்படி நடக்கவில்லை. நடந்தது, பையன் இரண்டாவது முறை அடித்தபோது தேங்கியிருந்த எண்ணெய் தெறித்து அவனுடைய வலக்கைச் சட்டை முழங்கைவரை பற்றிக்கொண்டதுதான்.

அடுத்த சில நொடிகளில் தெரிந்தது, இந்தக் குழுவிடம் தீயை ஏற்றுவதற்கு ஆள் உண்டு, அணைப்பதற்கு ஆள் இல்லை என்பது. இருவர் வெறுங்கையால் அடித்தார்கள். ஒருவர் வாயால் ஊதினார். ஈரச் சாக்கோ கம்பளியோ மணல் வாளியோ எதுவும் களத்தில் இல்லை. எங்கள் தரப்பும் யோக்கியமில்லை: மின்தூக்கிக்கு அருகில் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் எங்கள் காவலாளிதான் குடிநீர்க் கேனைத் தூக்கிவந்து பையன்மீது கவிழ்த்தார். பற்பசையும் பேனா மையுமாக ஓடிவந்தவர்களை விலக்கிவிட்டு, மேல்மாடியில் குடியிருக்கும் செவிலியர் அவன் கையைக் குழாயடியில் இருபது நிமிடம் பிடித்துவைத்தார். ஐஸ் வேண்டாம், ஓடும் நீர் போதும் என்று அவர் அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. முன்கையில் கொப்புளங்களோடு தப்பினான். மருத்துவமனையில் கட்டுப் போட்டு அன்றே அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் ஏறும்போது அவன் என்னிடம் கேட்டது, “அங்கிள், வீடியோவுல வந்துடுச்சா?” என்பது.

இதற்குப் பிறகும் வாயால் தீ ஊதும் உருப்படி பாக்கியிருக்கிறது, செய்து முடித்துவிடுகிறோம் என்றார் ஆசான். காசு வாங்கிவிட்டோம் என்ற நேர்மையில் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் மறுத்துவிட்டோம். இதில் முகம் பொசுங்குவது மட்டுமே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். மண்ணெண்ணெய் நீரைப்போலக் கொழகொழப்பு இல்லாமல் ஓடக்கூடியது. ஊதும் பதற்றத்தில் ஒரு துளி மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரலின் நுண்ணறைகள்வரை படலமாகப் பரவிவிடும். அங்கே கிருமி எதுவும் இல்லாமலேயே அழற்சி உண்டாகி, சில மணி நேரத்தில் இருமலும் நெஞ்சுவலியும் காய்ச்சலும் வரும். தீ ஊதுபவர்களுக்கு வரும் நிமோனியா என்று மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்கவும் கூடாது, வெளியே வரும் வழியில் மறுபடியும் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால். அதைச் செய்யவிருந்த இளைஞரிடம் எத்தனை நாள் பயிற்சி என்று கேட்டேன். போன வாரம் பழகினாராம், கைப்பேசியில் பார்த்து.

சிலம்பக் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் மாதக்கணக்கில் காலடி மட்டும் பழக்கும் ஆசான், தீயை ஒரு வாரத்தில் ஒப்படைத்துவிடுகிறார். அவர் கண்ணில் தீ ஒரு கலையாகவே படவில்லை. கூட்டத்தைக் கடைசிவரை உட்காரவைக்கும் மசாலா, அவ்வளவுதான். தீயில் தேர்ச்சி என்பது சுழற்றும் கையில் இருப்பதைவிட, பார்வையாளர் கண்ணுக்குப் படாத ஏற்பாடுகளில்தான் அதிகம் இருக்கிறது. எந்த எண்ணெய், அது எங்கே மூடி வைக்கப்பட்டிருக்கிறது, காற்று எந்தப் பக்கம், ஈரத்துணியோடு களத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்பவர் யார் என்பவற்றுக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை. காணொளியில் பார்த்துக் கற்றுக்கொள்பவர்களுக்கு அவை கண்ணில் படுவதுமில்லை, ஏனென்றால் காணொளி பற்றவைத்த பிறகே தொடங்குகிறது.

பணத்தைப் பற்றி: 3,000 ரூபாயைத் திருப்பித் தர ஆசான் முன்வந்தார், பையனின் மருந்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். நேரம் தவறாமை, நடத்தை, பெண்பிள்ளைகளைப் பாதுகாப்பாக வீடு சேர்த்த பொறுப்பு ஆகியவற்றில் குழு நன்றாகவே இருந்தது. வேறு யாரும் அழைப்பதாக இருந்தால் சிலம்பத்துக்குத் தயங்காமல் அழைக்கலாம். ‘ஃபயர் ஐட்டம்’ வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்னால் மேடையில் மறந்துவிடுவார்கள்.

வரும் பொங்கலுக்கும் இதே குழுவுக்கு 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறோம். தீப்பந்தத்துக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குப் பதித்த கம்புகள் வாங்கியிருப்பதாகவும், இருட்டில் அதுவும் வட்டமாகத்தான் தெரியும் என்றும் ஆசான் சொல்கிறார். காவலாளிக்கு நம்பிக்கையில்லை, கேனை நிரப்பியே வைக்கப்போகிறாராம். ஆட்டம் எப்படியிருந்தது என்பதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.