கம்போடியப் பல் முகாம்: பணம் கட்டிப் போகலாமா?

போன மார்ச்சில் பன்னிரண்டு நாள் கம்போடியாவில் பல் சிகிச்சை முகாமுக்குப் போய் வந்தேன். இப்போது பல் மருத்துவம் இறுதியாண்டு. திரும்பியதிலிருந்து ஜூனியர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, அவ்வளவு பணம் கொடுத்துப் போகலாமா?" ஆளாளுக்குச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவிடுகிறேன். அனுப்பிவைத்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

கட்டணம் 3,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). தங்குமிடம், இரண்டு வேளைச் சாப்பாடு, வேன், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அதில் அடக்கம். விமான டிக்கெட் தனி. மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். ஒன்றை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. பழையது ஊரை ஒட்டி இருந்தது. இது நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து அழைத்துப் போவது யார் செலவு என்பது நிறுவனம் எங்களுக்குக் கொடுத்த தாளில் இல்லை. அது எங்கள் செலவு என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அறை சுத்தம். காலையில் அரிசி நூடுல்ஸ் சூப்பில் பசியாறிவிட்டு ஆறரைக்கு வேனில் ஏறினால், தொன்லே சாப் ஏரிப் பக்கம் ஒன்றேகால் மணி நேரப் பயணம். மருத்துவமனை என்று எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகள். மாணவர் மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, மேலே யோகா பாய் விரித்தால் அதுதான் சிகிச்சைப் படுக்கை. வெளிச்சத்துக்கு நம் நெற்றி விளக்கு. கருவிகளை நீராவியில் கிருமி நீக்க, குக்கர் மாதிரி ஒரு சிறிய ஆட்டோகிளேவ், கேஸ் அடுப்பின் மேல். பகல் முழுவதும் எங்கள் வேகத்தைத் தீர்மானித்தது அந்தக் குக்கர்தான். கருவிகள் வெந்து ஆறி வரும்வரை பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். அடுத்துப் போகிறவர்கள் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியும் பல்லைத் தொட்டுச் சோதிக்கும் புரோபும் கூடுதலாக ஐந்து செட் எடுத்துப் போனால் புண்ணியம்.

இரண்டாம் நாளே ஜெனரேட்டர் படுத்துவிட்டது. டிரில்லை நம்பி வந்தவர்கள் முழித்தார்கள். அப்போது கைகொடுத்தது ஏ.ஆர்.டி. முறை. 1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமில்லாத கிராமங்களுக்காக உருவானது. சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்ட் என்ற பல் அடைக்கும் கலவையை வைத்து விரலால் அழுத்திவிட வேண்டும். பாடத்தில் ஒரு பக்கத்தோடு முடிந்துபோன விஷயம். அங்கேதான் தெரிந்தது, முப்பத்தைந்து டிகிரி வெயிலில் சிமெண்ட் நம் சொல் பேச்சைக் கேட்காது என்று. கலந்து முடிப்பதற்குள் இறுகிவிடும். என்னுடைய முதல் இரண்டு கலவையும் குப்பைக்குப் போயின. உள்ளூர்ப் பல் தாதி ஒருவர் ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த கலக்கும் கண்ணாடித் தகட்டை வாங்கி, குடிநீர் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் சிறிது நேரம் வைத்து, துடைத்துக் கொடுத்தார். மூன்றாவது சரியாக வந்தது.

அவரை "போங்" என்று கூப்பிட்டோம். கெமர் மொழியில் அக்காவுக்கும் அண்ணனுக்கும் அந்த ஒரு சொல்தான். இந்த முகாமுக்கு நான் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பேன் என்றால் அதில் இரண்டு போங்குடையவை. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அந்நாட்டின் படித்தவர்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டார்கள், அல்லது ஓடிப்போனார்கள். பல் மருத்துவர்களும் அதில் சேர்த்தி. கற்றுக்கொடுக்கவே ஆளில்லாத இடத்திலிருந்து மறுபடி தொடங்கிய நாடு. எங்கள் வேன் போன பிறகும் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாய்க்குப் பொறுப்பு போங்தான்.

அந்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்த வேலை மருந்து பூசுவது. சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவம். சொத்தையில் ஒரு துளி தடவி ஒரு நிமிடம் விட்டால், வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். ஊசி இல்லை, டிரில் இல்லை, அழுகை இல்லை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரே தொல்லை, சொத்தை கரி போல் கறுத்துவிடும். அதைப் பெற்றோரிடம் முன்பே படம் காட்டிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, மேல் முன்பற்கள் நான்கும் ஈறுவரை அரித்துப்போயிருந்தன. பேசும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொள்வாள். கூட வந்தவர் பாட்டி. கறுத்த பல்லின் படத்தைக் காட்டி, "பெண் பிள்ளை, முன்பல் இப்படித்தான் இருக்கும், பால்பல் விழும்வரை" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். பாட்டி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் வாயைத் திறந்து காட்டினார். வெற்றிலை போட்டுப் போட்டுக் கறுஞ்சிவப்பான பற்கள். "இதைவிடவா?" என்றாராம். வகுப்பறையே சிரித்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்கும் அதே பற்கள்தான். அவருக்கு வலி வந்தபோது மருத்துவர் யாரும் இல்லை; புண்ணுக்குக் கட்டுப்போடும் தோட்டத்து டிரசர்தான் பிடுங்கினார்.

அந்தக் குழந்தைக்குப் பூசும்போது என் கையுறையில் ஓட்டை இருந்திருக்கிறது. மறுநாள் காலை கட்டைவிரல் நுனி கன்னங்கரேல் என்று இருந்தது.

இனி குறை. விளம்பரத் தாளில், "உங்கள் நாட்டில் கிடைக்காத அனுபவம் இங்கே கிடைக்கும்" என்று போட்டிருந்தார்கள். அதன் பொருள் மூன்றாம் நாள் விளங்கியது. வேறொரு நாட்டிலிருந்து வந்த இரண்டாமாண்டுப் பையன், அவன் கல்லூரியில் இன்னும் ஊசியே பிடிக்கவில்லை, அவன் கையில் பல் பிடுங்கும் குறடு கொடுக்கப்பட்டது. நோயாளி ஒரு நெல் விவசாயி. கன்னம் வீங்கி, மோட்டார் சைக்கிளில் வந்தவர். கீழ்க் கடைவாய்ப்பல். வேர் முறிந்தது. மேற்பார்வைக்கு இருந்த ஒரே பல் மருத்துவர் பக்கத்து அறையில் இருந்தார். அவர் வந்து மிச்ச வேரை எடுக்க நாற்பது நிமிடம். விவசாயி ஒரு சத்தமும் போடவில்லை. கால் விரல்களை மட்டும் மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பையனைத் திட்டி என்ன செய்வது, அவனே அழுதுகொண்டிருந்தான். எங்கள் பல்கலைக்கழகத்தில் முடியாது என்று தடுக்கப்படும் வேலையை இன்னொரு நாட்டு ஏழையின் வாயில் பழகலாம் என்று நினைக்கிற இடத்தில்தான் கோளாறு. அன்று மாலை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார். மறுநாளும் அதே வரிசை, அதே குறடு.

இன்னொன்று, பதிவேடு. யாருக்கு எந்தப் பல்லில் என்ன செய்தோம் என்று எழுதிய தாள்கள் நிறுவனத்தின் பெட்டியில் போய்விட்டன. போங்கிடம் நகல் இல்லை. கடைசி இரண்டு நாளும் நானும் என் தோழியும் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி, பள்ளிப் பிள்ளைகளுடையதை மட்டும் கையால் படியெடுத்துக் கொடுத்தோம்.

பல் துலக்கும் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பிளாஸ்டிக் தாடை, பாட்டு, ஆட்டம், படம் எடுத்தல். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பள்ளி வாசலிலேயே 500 ரியலுக்குப் பிளாஸ்டிக் பையில் சர்க்கரைத் தண்ணீர் விற்கிறது, வகுப்பு முடிந்ததும் எல்லாரும் அங்கேதான் ஓடினார்கள். ஃபிட் ஃபார் ஸ்கூல் என்ற திட்டம் பிலிப்பைன்ஸில் தொடங்கிக் கம்போடியாவுக்கும் வந்திருக்கிறது. அதில் பிள்ளைகள் பள்ளியிலேயே தினமும் கூட்டமாகக் கை கழுவி, ஃபுளோரைடு பேஸ்டில் பல் துலக்குவார்கள். வெளிநாட்டு மாணவர் ஒருவர்கூடத் தேவையில்லை, குழாயும் ஆசிரியரும் போதும். நம் நாட்டிலும் 1949-இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கி, அவர்கள் பள்ளிதோறும் வந்துதானே நம் வாயைக் காப்பாற்றினார்கள்.

ஆகவே, போகலாமா? மூன்றாமாண்டு முடிக்காதவர்கள் வேண்டாம். மற்றவர்கள் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை மாணவருக்கு ஒரு மருத்துவர், பதிவேடு யாரிடம் இருக்கும். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த 3,200 வெள்ளியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

என் விரல் வெளுக்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது. போன வாரம் போங் டெலிகிராமில் அந்தச் சிறுமியின் படம் அனுப்பியிருந்தார்: பற்கள் கறுப்பு, தொட்டால் கல் மாதிரி இருக்கிறதாம். ஆறு மாதத்தில் இன்னொரு முறை பூச வேண்டும், மருந்து தீர்ந்துவிட்டது, எப்போது வரும் என்று கேட்டிருந்தார். நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் இல்லை. செப்டம்பரில் போகிற ஜூனியரிடம் இரண்டு பாட்டில் கொடுத்துவிடுகிறோம்.