பூல் பச்சையான வாரத்தில் ஏ டைப் கார்ட்ரிட்ஜ் எப்படித் தாக்குப்பிடித்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பூல் மோட்டாருக்குள் அழுக்கை வடிகட்டுகிற ஒரிஜினல் ஏ டைப் கார்ட்ரிட்ஜுக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார் தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் இதைப் புதுசாக மாட்டினால் பாசி போய்விடும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அந்தக் காசைப் பிளீச்சிங் பவுடருக்குச் செலவழிக்கலாம். பாசியைக் கொல்வது அந்தப் பவுடரில் இருக்கிற குளோரின்தான், கார்ட்ரிட்ஜுக்குச் செத்ததை அள்ளுகிற வேலை மட்டும். இது புரியாமல் நான் மூன்று நாளை வீணாக்கினேன்.

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம். பசங்களின் கோடை லீவுக்காகப் பின்பக்கம் இன்டெக்ஸ் கம்பெனியின் ஒரு மெட்டல் ஃபிரேம் பூல் போட்டிருக்கிறோம், 12 அடி அகலம், 30 இன்ச் உயரம், சுமார் 6,500 லிட்டர் பிடிக்கும். கூட வந்தது மணிக்கு 530 கேலன், அதாவது 2,000 லிட்டர் சொச்சம் ஓட்டுகிற சின்ன மோட்டார். அதற்குள் உட்காருவதுதான் இந்த ஏ டைப், எட்டு இன்ச் உயர உருளை, சுற்றிலும் புடவைக் கொசுவம் மாதிரி நெருக்கமாக மடித்த வெள்ளைத் தாள்.

குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போனபோது மோட்டாரை நிறுத்திவிட்டு, மூடியும் போடாமல், ஐந்து நாள் அப்படியே விட்டுவிட்டோம். வந்து பார்த்தால் தென்னம்பூ மிதக்கிறது, அடி தெரியவில்லை, சுவரைத் தொட்டால் வழவழ. பதறிப்போய் மோட்டாரைப் போட்டேன். அரைமணி நேரத்தில் தண்ணீர் வருகிற வேகம் பாதியாகிவிட்டது, திறந்தால் கார்ட்ரிட்ஜ் முழுக்கக் கீரைக் கடைசலைப் பூசின மாதிரி. கழுவி மாட்டினேன். மறுபடி அடைத்தது. மறுபடி கழுவினேன். பொழுது சாய்ந்தபோதும் தண்ணீர் அதே பச்சை, ஏனென்றால் நான் பத்து பிடித்தால் உள்ளே நூறு முளைக்கிறது.

மறுநாள் தண்ணித் தொட்டி கழுவ வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "படிகாரம் ஒரு கட்டி போட்டு உடுங்கண்ணா, காலைல கண்ணாடியாட்டத் தெளிஞ்சிருமுங்க" என்றார். நானும் போட்டேன். அவர் சொன்னது பொய்யில்லை, எங்கள் பாட்டியும் கலங்கல் தண்ணீருக்கு அதைத்தான் செய்வார். ஆனால் குடத்தில் தெளிந்ததை மேலாக மொண்டுகொள்ளலாம், அடியில் தங்கினதைக் கொட்டிவிடலாம். மணல் ஃபில்டர் இருக்கிற பெரிய பூல்களில்கூட அடியில் படிந்ததை ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியே உறிஞ்சிக் கொட்டுவார்கள். நம் சின்ன மோட்டாரில் அந்த வழியே கிடையாது, அத்தனையும் கார்ட்ரிட்ஜுக்குத்தான் போகும். போனது. ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஒரு வழவழப்பு மடிப்புக்குள் இறங்கி, பத்தே நிமிடத்தில் தண்ணீர் நின்றுபோனது. அந்தக் கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போனது. ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் என்றால் படிகாரம் வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, வேலை செய்தது எது என்றால், நாலாவது நாள் சாயங்காலம் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிளீச்சிங் பவுடர் எடுத்து, பிளாஸ்டிக் பக்கெட்டுத் தண்ணீரில் கலக்கி, அரைமணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் பூலில் ஊற்றினேன். அடியில் தங்குகிற சுண்ணாம்பை ஊற்றினால் அதுவும் மடிப்பை அடைக்கும். அந்த 6,500 லிட்டருக்கு இது லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் கணக்கு. பகலில் ஊற்றாதீர்கள், வெயில் பாதியைத் தின்றுவிடும். இந்தப் பக்கெட் பக்கம் ஆசிட்டைக் கொண்டுவரவே கூடாது, விஷவாயு வரும். சுவரையும் அடியையும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மோட்டாரை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் பச்சை போய்ச் சாம்பல் நிறக் கலங்கல். அதுதான் செத்த பாசி. இங்கேதான் ஏ டைப் தன் சம்பளத்துக்கு வேலை செய்தது. சாயங்காலம் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் காட்டிய குளோரின் அளவு மறுநாள் விடிவதற்குள் கிட்டத்தட்ட இறங்காமல் நிற்கிற வரை தினமும் ஊற்றினேன், பசங்களை உள்ளே விடவில்லை. மூன்று நாளில் அடியில் கிடந்த ஐந்து ரூபாய்க் காசு தெரிந்தது.

அந்த மூன்று நாளும் முதலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் காலை மாலை என்று கழுவினேன். இந்த மோட்டாரில் பிரஷர் மீட்டர் கிடையாது, தண்ணீர் வருகிற வாய்க்கு எதிரே கையை வைத்தால் தள்ளுவது குறைந்திருப்பது தெரியும், அப்போது கழுவினால் போதும். திறப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பூலுக்குள் இருக்கிற இரண்டு ஓட்டையிலும் தொப்பி மாதிரியான கறுப்பு அடைப்பானைச் சொருகுங்கள். நான் ஒரு தடவை மறந்து, செம்பருத்திச் செடிக்கு ஒரு போகம் தண்ணீர் பாய்ந்தது. ஹோஸைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து கீழாக, மடிப்பு மடிப்பாக அடிக்க வேண்டும். பைக் கழுவுகிற பிரஷர் கன் வேண்டவே வேண்டாம், தாள் பஞ்சு பஞ்சாகிவிடும். மூடினபின் மேலே இருக்கிற காற்றுத் திருகைத் தளர்த்தி, தண்ணீர் எட்டிப் பார்த்ததும் இறுக்க வேண்டும்.

நம் வீட்டுப் பிரச்சினை ஒன்று உண்டு, தேங்காய் எண்ணெய்த் தலை. மடிப்பில் எண்ணெய் ஏறினால் வெறும் தண்ணீருக்குப் போகாது. பாத்திரம் கழுவுகிற ஜெல்லில் ஊறப்போட்டேன், அடுத்த நாள் பூல் முழுக்க நுரை, பசங்களுக்குக் கொண்டாட்டம். இப்போது ராத்திரி சலவை சோடாத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் நன்றாக அலசுகிறேன்.

நடுவில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் பெயர் தெரியாத ஒரு டூப்ளிகேட் வாங்கினேன். மடிப்பு எண்ணிக்கை கண்ணால் பார்த்தாலே குறைவு. நாலாவது கழுவலில் மேல் வளையம் தாளைவிட்டுப் பிரிந்து, அந்த இடுக்கு வழியாக அழுக்கு அப்படியே பூலுக்குத் திரும்பியது. ஒரிஜினலில் அந்த வளையம் இன்னும் அசையவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கம்பெனி புத்தகத்தில் இருக்கிறது. பாசி இல்லாத நாட்களில், ஒழுங்காகக் கழுவினால், என்னுடையது ஒரு மாதத்துக்கு மேல் ஓடுகிறது. கழுவிய பிறகும் தண்ணீர் தள்ளாவிட்டால், அல்லது மடிப்பு நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தூக்கிப் போட்டுவிடுவேன். ஒரு ஸ்டார் குறைத்தது அளவுக்காக. பாசி வந்துவிட்டால் இந்தச் சின்ன உருளை அடிக்கடி மூச்சுத் திணறும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். அதனால் வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள், ஒன்று மோட்டாருக்குள் ஓடும்போது இன்னொன்று கொடியில் காயட்டும்.