மனம் வாடினால் எதை எவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாம்? கருத்தடை மாத்திரை, ஊசி, லூப்: ஓர் ஒப்பீடு

மாலா-என் என்ற கருத்தடை மாத்திரையின் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். முதல் 21 மாத்திரைகளில் இரண்டு ஹார்மோன்கள்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மி.கி.; கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. "மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்து எரிச்சலா வருது, அழுகையா வருது" என்று சொல்லும் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த வரிசை ஓடும்போது என்பதைத்தான். இரும்பு மாத்திரை வாரத்தில் மட்டும் வந்தால், ஹார்மோன் சட்டென்று இறங்குவது காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அந்த 7 மாத்திரைகளை விட்டுவிட்டு, நேராக அடுத்த அட்டையைத் தொடங்கலாம். 21 நாளும் மனசு கனத்தே கிடந்தால் கதை வேறு. முறையையே மாற்ற வேண்டும்.

எது மனசை அதிகம் பாதிக்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உடம்பைவிட்டு எத்தனை நாளில் போகும் என்ற கேள்வியை அதற்கும் முன்னால் வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அப்படிப் பார்த்தால் மாலா-என்னும் அந்தரா ஊசியும் எதிரெதிர் முனைகள். மாத்திரையை இன்று நிறுத்தினால் சில நாட்களில் ஹார்மோன் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். அந்தரா என்பது 150 மி.கி. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், 3 மாதத்துக்கு ஒரு ஊசி. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. இரண்டாவது வாரமே மனம் சோர்ந்துவிட்டாலும் மிச்ச வாரங்களைக் கடந்துதான் ஆக வேண்டும். தினமும் மாத்திரையை நினைவில் வைக்க முடியாதவர்களுக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாமல் கருத்தடை செய்ய வேண்டியவர்களுக்கும் அந்தரா பெரிய உதவி. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்த பெண்ணுக்கு அதை முதல் தேர்வாக நாங்கள் சொல்லமாட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி மனச்சோர்வு எந்த ஹார்மோன் முறைக்கும் தடை இல்லை. ஆகவே இது தடை அல்ல, வரிசை பற்றிய யோசனை.

கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் இரண்டுக்கும் நடுவில் வரும்: ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் போய் எடுத்துவிடலாம். 52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல், தொடக்கத்தில் நாளுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் வீதம் கருப்பையிலேயே கசியும். ரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையைவிடக் குறைவு. அதனால் மனசைத் தொடாது என்று சிலர் உறுதி தருகிறார்கள். அந்த உறுதி தவறு. டென்மார்க்கில் 15 முதல் 34 வயது வரையிலான 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து, 2016-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு மருந்தை முதன்முறையாகத் தொடங்கும் வாய்ப்பு, ஹார்மோன் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், கலவை மாத்திரை (மாலா-என் போல இரண்டு ஹார்மோன் கலந்தது) எடுத்தவர்களிடம் 1.2 மடங்கு, ஹார்மோன் லூப் வைத்தவர்களிடம் 1.4 மடங்கு. 15-19 வயதில் கலவை மாத்திரைக்கு அது 1.8. மடங்குக் கணக்கைக் கேட்டுப் பதற வேண்டாம்: ஓராண்டில் அந்த மருந்தைத் தொடங்கியவர்கள், ஹார்மோன் எடுக்காத ஆயிரம் பெண்களில் சுமார் 17 பேர், எடுத்த ஆயிரம் பெண்களில் சுமார் 22 பேர். காரணம் ஹார்மோன்தான் என்று இவ்வகை ஆய்வு நிரூபிக்காது; ஆனால் பதின்வயதுப் பெண்ணுக்கு மாத்திரை தரும்போது மனநிலையைக் கேட்காமல் விடக்கூடாது என்பதற்கு இது போதும்.

ஹார்மோனே வேண்டாம் என்றால் காப்பர்-டி. 380ஏ வகை 10 ஆண்டு தாங்கும்; பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள்ளும் வைக்கலாம். மனசுக்கு நேரடித் தொந்தரவு கிடையாது. சுற்றி வரும் தொந்தரவு ஒன்று உண்டு: உதிரப்போக்கு கூடும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு ஹீமோகுளோபின் இன்னும் இறங்கி, சோர்வு, தூக்கக் கலக்கம், எதிலும் பிடிப்பில்லாமை என்று மனச்சோர்வைப் போலவே காட்டும். இவருக்கு மனநல மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சாயா மாத்திரை இன்னொரு வழி. 30 மி.கி., முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை. மாதவிலக்கு தள்ளிப்போவதுதான் வழக்கமான புகார். மஞ்சள்காமாலை, கல்லீரல் நோய், சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஆகாது.

மருந்து மோதலைப் பலர் கவனிப்பதில்லை. இருதுருவக் கோளாறுக்கோ (மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) வலிப்புக்கோ லாமோட்ரிஜின் சாப்பிடுபவருக்கு மாலா-என் கொடுத்தால், ரத்தத்தில் லாமோட்ரிஜின் பாதியளவுக்குக்கூடக் குறையலாம். நோய் திரும்பும், பழி மாத்திரையின் "மனநிலை விளைவு" மேல் விழும். கார்பமாஸெபின் என்ற வலிப்பு மருந்து தலைகீழ்: அது கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

பிரசவத்துக்குப் பின் இன்னும் கவனம். தாய்ப்பால் கொடுப்பவருக்கு அந்தரா 6 வாரத்துக்குப் பிறகுதான். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு தலைகாட்டும் காலமும் ஏறக்குறைய அதுவே. ஊசி போடும் அன்றே தூக்கம், அழுகை, குழந்தையிடம் ஒட்டுதல் மூன்றையும் கேட்டு எழுதி வைத்தால், பிறகு எது எதனால் என்று பிரிக்க முடியும்.

எந்த முறையானாலும் தொடங்கும் முன் ஒரு மாதம், தொடங்கிய பின் 3 மாதம், நாட்காட்டித் தாளில் தினமும் 0 முதல் 3 வரை ஒரு எண் எழுதுங்கள்: 0 நல்ல நாள், 3 எழுந்திருக்கவே மனமில்லாத நாள். லேசான எரிச்சல் 3 மாதத்தில் அடங்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து 2, 3 என்றே ஓடினால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் நாட்காட்டியைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனை, அல்லது கட்டணமில்லா மனநல உதவி எண் 14416. மாத்திரையை நிறுத்தும் நாளிலேயே ஆணுறையோ வேறு முறையோ கையில் இருக்கட்டும்.