லைட்டு எரிஞ்சா வேலை சரின்னு நம்பி 4,650 ரூபாய் விட்டேன்

கோவத்துலதான் எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. வீட்டுல லைட் மாத்த ஆப்ல ஆள் புக் பண்றவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. எந்த ஆப்புன்னு சொல்லல. எலக்ட்ரீசியன், பிளம்பர்னு வீட்டுக்கே ஆள் அனுப்புவாங்களே, அந்த வகை.

தாம்பரம் பக்கம் எங்க வீடு, 1998ல அப்பா கட்டினது. போகிக்கு முன்னாடி பழைய டியூப்லைட்டை எல்லாம் கழட்டிட்டு எல்இடி போடணும்னு அம்மாவுக்கு ஆசை. ஹால்ல ரெண்டு, மாடிப்படில ஒண்ணு, போர்டிகோல ஒண்ணு. நாலுக்கும் சேர்த்து ஆப்ல 516 ரூபாய் காட்டுச்சு. கட்டிட்டேன்.

வந்த பையனைப் பார்த்தா யாரா இருந்தாலும் நம்புவாங்க. கழுத்துல கார்டு. செருப்பை வாசல்லயே விட்டான். ஹால் போர்டைக் கழட்டி, கருத்துப்போன ஒயர் ஒண்ணை வெளிய இழுத்துக் காட்டினான். "எப்ப வேணா தீப்பிடிக்கும் சார். இதுல புது லைட் போட்டு என்ன பிரயோஜனம்? ரெண்டு போர்டையும் மாத்திடலாம்." வயசான அம்மா இருக்கிற வீட்டுல தீங்கிற வார்த்தை காதுல விழுந்தா யாருக்கு மூளை வேலை செய்யும்? "ஆப்ல சேர்த்தா ரேட் ஏறும், எனக்கே நேரா அனுப்பிடுங்க"ன்னான். 4,134 ரூபாயை அவன் நம்பருக்கு யூபிஐல அனுப்பினேன். ஆக மொத்தம் 4,650.

போகும்போது ஒவ்வொரு சுவிட்சா தட்டிக் காட்டினான். எல்லாம் பளிச்சுன்னு எரிஞ்சுது. "எரியுதுல்ல சார்?" எரிஞ்சுது. அவன் முன்னாடியே அஞ்சு ஸ்டார் குத்தினேன். அம்மா காபி வேற போட்டுக் கொடுத்தாங்க.

அன்னைக்கு ராத்திரியே ஹால் லைட் அணைச்ச பிறகும் மின்மினி மாதிரி மங்கலா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. போன் பண்ணினேன். "எல்இடின்னா அப்படித்தான் சார்." மாடிப்படி லைட்டை மேல அணைச்சா, கீழ எத்தனை தடவை தட்டினாலும் எரியல. மறுபடி மேல ஏறித்தான் போடணும். "உங்க பல்பு சைனா மால் சார்." அதுக்கப்புறம் அவன் போனை எடுக்கவே இல்ல.

ஞாயித்துக்கிழமை காலைல அம்மா போர்டிகோ லைட்டோட சுவிட்சை அணைச்சுட்டு, ஸ்டூல் மேல ஏறி, பல்பைக் கழட்டி ஹோல்டரை ஈரத்துணியால துடைச்சிருக்காங்க. இன்னொரு கை ஜன்னல் கம்பில. சுர்ருன்னு இழுத்து ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டாங்க. ஈசிஜி எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. ஆனா எனக்குக் கை நடுக்கம் நிக்க அரை நாள் ஆச்சு.

அப்புறம்தான் எங்க தெருவுல ரொம்ப வருஷமா வேலை பார்க்கிற எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டேன். முதல்லயே கூப்பிட்டிருக்கணும். வந்ததும் ஹால் போர்டுல இருக்கிற மூணு ஓட்டை பிளக்ல டெஸ்டரை வெச்சார். எர்த் ஓட்டை மேல இருக்கிற மாதிரி நேரா நின்னு பார்த்தா, வலது ஓட்டைலதான் டெஸ்டர் எரியணுமாம். எங்க வீட்டுல இடதுல எரிஞ்சுது. "தம்பி, போர்டுக்கு வர்ற சிவப்பையும் கருப்பையும் மாத்திக் குடுத்துட்டான். உன் சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கிட்டு இருக்கு"ன்னார்.

கரண்ட் வர்ற சிவப்பு ஒயர் பேஸ், திரும்பிப் போற கருப்பு ஒயர் நியூட்ரல். இது ரெண்டுல எதை வெட்டினாலும் பல்பு அணையும். அதனாலதான் அந்தப் பையன் தட்டிக் காட்டினப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா நியூட்ரலை வெட்டினா, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஹோல்டர்ல 230 வோல்ட் காத்துக்கிட்டு நிக்கும். அம்மாவுக்கு ஷாக் அடிச்சதும், எல்இடி மினுக்கினதும் அதனாலதான். (இண்டிகேட்டர் வெச்ச சுவிட்ச்சுன்னா சரியான வயரிங்லயும் மினுக்கலாம், அதை மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க.) மாடிப்படில இருக்கிறது டூ வே சுவிட்ச், அதாவது ஒரே லைட்டை மேலயும் கீழயும் போட்டு அணைக்கிறது. அதுல மூணு முனை. நடு முனைக்குக் காமன்னு பேரு. அதுல வர வேண்டிய ஒயரை ஓரத்துல மாட்டியிருக்கான், அவ்ளோதான்.

குப்பைல கிடந்த பழைய போர்டை எடுத்துக் காட்டினேன். "ஸ்குரூ லூசாகி முனை மட்டும் கருத்திருக்கு. ரெண்டு இஞ்ச் வெட்டிட்டு இறுக்கியிருந்தா போதும்"ன்னார். பைப்புக்குள்ள பழைய ஒயர் அப்படியேதான் இருக்காம். அப்ப நான் கொடுத்த 4,650 எதுக்கு? அண்ணன் வாங்கினது 300 ரூபாய். அதுவும் அரை மணி நேரத்துல ரெண்டையும் சரி பண்ணிட்டு.

ஆப் சாட்ல நாலு நாளா மல்லுக்கட்டுறேன். முதல்ல, "சிரமத்திற்கு வருந்துகிறோம், புகைப்படம் அனுப்பவும்." அனுப்பினேன். அப்புறம், "எங்கள் பதிவில் 516 ரூபாய் வேலை மட்டுமே உள்ளது." அப்புறம், "அந்தப் பணியாளர் தற்போது எங்களுடன் இல்லை." நேத்து வந்ததுதான் உச்சம்: "ஈரத்துணியால் துடைத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு." இன்னைக்குக் காலைல புகாரையே மூடிட்டாங்க. அந்த 516 கூட திரும்பி வரல.

என்ன பண்ணணும்னு விலாவாரியா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. ஆப்ல புக் பண்ணினா காசையும் ஆப்லயே கட்டுங்க, தனி நம்பருக்கு ஒரு ரூபாய் அனுப்பாதீங்க. மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கிற வயர்மேன் சான்றிதழ் இருக்கான்னு கேளுங்க, கழுத்துல தொங்குற கார்டு அது இல்ல. வேலை முடிஞ்சதும் அந்த ஆளையே பிளக்ல டெஸ்டர் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. ஹோல்டர்ல கை வைக்கிறதா இருந்தா சுவிட்சை நம்பாம மெயினை அணைங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத வீடுன்னா போட்டுடுங்க. எங்க வீட்டுல ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு மட்டும் விழுற எம்சிபிதான் இருந்துச்சு, ஷாக் அடிச்சப்ப அது அசையவே இல்ல.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு லைன்ல காத்துக்கிட்டு இருக்கேன். நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் வழக்குக் கட்டணம் கிடையாதுன்னு சொல்றாங்க, 4,650 ரூபாய்க்கு அங்கயும் போகத்தான் போறேன்.