காளான் பொரியலா, காராமணிச் சுண்டலா?

காளானா, பீன்ஸா, சத்தில் எது ஜெயிக்கும் என்று பார்ப்போம். "காளானில் கறிக்குச் சமமாகப் புரதம் இருக்காமே" என்று யாராவது சொன்னால், எந்தக் காளானில் என்று கேளுங்கள். காயவைத்ததைக் கணக்கிட்டால் அப்படித்தான் தெரியும். நாம் வாங்கும் பச்சை மொட்டுக் காளானில் 100 கிராமுக்கு 92 கிராம் தண்ணீர். புரதம் 3 கிராம்தான். 200 கிராம் பாக்கெட்டை வாணலியில் போட்டால் முதலில் குளம் கட்டும், அப்புறம் சுண்டிச் சுண்டி ஒரு கைப்பிடியில் வந்து நிற்கும். அந்தக் கைப்பிடியில் இருப்பது 6 கிராம் புரதம்.

எதிரணியான பீன்ஸில் ஒரு பெயர்க் குழப்பம். காய்கறிக் கடையில் பீன்ஸ் என்றால் பச்சைக் காய். அதில் 100 கிராமுக்கு 2 கிராம் புரதம்கூட இல்லை, காளானிடமே தோற்றுவிடும். புரதத்துக்காகப் பலரும் புகழும் பீன்ஸ் வேறு: ராஜ்மா, காராமணி, மொச்சை மாதிரி காய்ந்த விதைகள். உண்மையான போட்டி இவற்றோடுதான்.

வேகவைத்த ராஜ்மா 100 கிராமில் புரதம் கிட்டத்தட்ட 9 கிராம், நார்ச்சத்து 6 கிராமுக்கு மேல், இரும்பு 2 மில்லிகிராமுக்கு மேல். காளானில் நார் 1 கிராம், இரும்பு அரை மில்லிகிராம். ஃபோலேட் என்ற பி வைட்டமினில் இன்னும் மோசம்: வெந்த காராமணியில் சுமார் 200 மைக்ரோகிராம், காளானில் 20கூட இல்லை.

கலோரிக்கு எவ்வளவு புரதம் என்று பார்த்தால் மட்டும் கதை திரும்பும். 100 கலோரிக்குக் காளான் 14 கிராம் தரும், ராஜ்மா 7 கிராம்தான். ஆனால் அந்த 100 கலோரிக்குக் காளானை 450 கிராம் தின்ன வேண்டும். ஒரே வேளையில் இரண்டேகால் பாக்கெட்டை யார் தின்பது? என்னைக் கேட்டால், எடை குறைக்கிறவர்கள் உருளைக்கிழங்கு வறுவல் இருந்த இடத்தில் காளானை வைக்கலாம், பயறு இருந்த இடத்தில் வேண்டாம்.

காளானுக்கென்று ஒரு தனிச் சரக்கும் உண்டு. நியாசின் என்ற பி3 வைட்டமின் 100 கிராமுக்கு 3.6 மில்லிகிராம், ராஜ்மாவில் அதில் ஆறில் ஒரு பங்குதான். அதைவிடச் சுவாரஸ்யம் வைட்டமின் டி. காளானில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வெயில் பட்டால் வைட்டமின் டியின் ஒரு வகையான டி2 ஆக மாறும். இருட்டறையில் வளர்ந்து வரும் காளானில் வைட்டமின் டி பெயருக்குத்தான் இருக்கும். சமைப்பதற்கு முன் நறுக்கித் தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் அரைமணி வைத்தால் நன்றாக ஏறும். காக்கா தூக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு. வைட்டமின் பி12க்குக் காளானை நம்பாதீர்கள், இருப்பது துளிதான்.

பயறுக்குப் பக்கபலம் சோறு. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், பயறில் குறைவான மெத்தியோனைன் அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவான லைசின் பயறில் இருக்கிறது. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பும் உடலில் கூடுதலாகச் சேரும்.

ராஜ்மாவில் மட்டும் அவசரம் ஆகாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அடங்கும். வேகாத விதை நாலைந்து போதும், வாந்தி வந்துவிடும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் விரலால் நசுக்கினால் மசிகிற வரை குக்கரில் விடுங்கள். நடுவில் கடுக்கென்று பட்டால் இன்னும் இரண்டு விசில்.