வில்லை வைத்து வாளை எடுக்க என்ன செலவு? டி&டியும் பாத்ஃபைண்டரும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி&டி), பாத்ஃபைண்டர் போன்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் சண்டை என்றாலே எல்லாரும் டேமேஜ் பற்றித்தான் பேசுவார்கள். கையில் இருக்கும் வில்லை வைத்துவிட்டு வாளை எடுக்க என்ன செலவு என்று யாரும் பேசுவதில்லை, ஆனால் டேபிளில் வாய்த்தகராறு வருவது பெரும்பாலும் அங்கேதான். 2014-ல் வந்த டி&டி ஐந்தாம் பதிப்பு, 2024-ல் வந்த அதன் திருத்தம், பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, மூன்றையும் டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்தும் நடுவராக, நடத்தியிருக்கிறேன். இப்போது எங்கள் குழு பாத்ஃபைண்டரில் இருக்கிறது, அதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு விஷயம். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்ததை வேகமாக முடித்துவிடலாம். 2014-ல் ஒரு டர்னில் (ஒருவர் ஆடும் முறையில்) ஒரு பொருளை இலவசமாகக் கையாளலாம்: வாளை உருவலாம், இல்லை உறையில் போடலாம், இல்லை கதவைத் திறக்கலாம். இரண்டாவது பொருளைத் தொட்டால், அடிப்பது போன்ற முக்கிய வேலைக்கு டர்னில் ஒன்றே உள்ள ஆக்‌ஷன் போய்விடும். கேடயம் மாட்ட ஒரு ஆக்‌ஷன், கழற்ற ஒரு ஆக்‌ஷன். 2024-ல் அந்த இலவசம் அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் அட்டாக் ஆக்‌ஷனில் ஒவ்வொரு அடியோடும் ஒரு ஆயுதத்தை எடுக்கலாம் அல்லது வைக்கலாம், அடிக்கு முன்போ பின்போ. பாத்ஃபைண்டரில் டர்னுக்கு மூன்று ஆக்‌ஷன். ஆயுதம் எடுக்க ஒன்று, வைக்க ஒன்று, ஒரு கையில் இருப்பதை இரண்டு கையால் பிடிக்க ஒன்று. விடுவது மட்டும் இலவசம், கையிலிருந்து நழுவவிட்டாலும் சரி, இரண்டில் ஒரு கையை எடுத்துக்கொண்டாலும் சரி. 2023-ல் வந்த திருத்தப் பதிப்பு, ஒன்றை வைத்து இன்னொன்றை எடுப்பதை ஒரே ஆக்‌ஷனாக்கியது. நல்ல காரியம்.

இப்போது ஒரே காட்சியை மூன்றிலும் ஓட்டிப் பார்ப்போம். வில்லோடு நிற்கும் ஒரு ஃபைட்டர், ஓகர் என்ற அரக்கன் ஒன்று ஓடி வந்து முகத்துக்கு நேரே நிற்கிறது, அவளுக்கு இப்போது வாளும் கேடயமும் வேண்டும்.

2014-ல் வில்லை ஒழுங்காக முதுகில் மாட்டினால் இலவசம் அதிலேயே தீர்ந்துவிடும், வாளை உருவ ஆக்‌ஷன் போகும், அடிக்க முடியாது. அதனால் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: வில்லைத் தரையில் போட்டுவிடுவது. கீழே போடுவதற்குப் பெரும்பாலான டிஎம்கள் ஒன்றும் கேட்பதில்லை, வாளை இலவசத்தில் உருவி அடித்துவிடலாம், ஐம்பது கோல்ட் கொடுத்து வாங்கிய நீள்வில் சேற்றில் கிடக்கும். ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பவனுக்குத் தண்டனை, தூக்கி எறிபவனுக்குச் சலுகை. இப்படி ஒரு விதியை எழுதியவர்கள் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் விளைவு இதுதான்.

2024-ல் வில் இலவசத்தில் முதுகுக்குப் போகும், வாள் முதல் அடியோடு வெளியே வரும், செலவு பூஜ்யம். கேடயத்துக்கு மட்டும் பழையபடி ஒரு ஆக்‌ஷன்.

பாத்ஃபைண்டரில் வில்லை வைத்து வாளை எடுக்க ஒன்று, கேடயத்துக்கு ஒன்று. மிச்சம் ஒரே ஆக்‌ஷன். அதில் அடிப்பதா, இல்லை கேடயத்தை உயர்த்தி ஏசியில் (அடி படாமல் காக்கும் எண்ணில்) இரண்டு கூட்டிக்கொள்வதா? (இந்த விளையாட்டில் கேடயம் சும்மா கையில் இருந்தால் ஏசிக்கு ஒன்றும் தராது, ஒவ்வொரு டர்னும் உயர்த்த வேண்டும்.) கேடயமே வேண்டாம் என்று விட்டுவிட்டு இரண்டு தடவை அடிக்கலாம். பின்வாங்கி ஓடிவிட்டு வில்லிலேயே தொடரலாம். யோசிக்க வேண்டியிருக்கிறது, அந்த யோசனையைத்தான் நான் விளையாட்டு என்கிறேன்.

என் முடிவைத் தீர்மானித்த விஷயம் இந்தச் செலவு எவ்வளவு என்பதல்ல. எதிலிருந்து செலவாகிறது என்பது. டி&டியில் ஆயுதம் மாற்றுவதற்கென்று தனியாக ஒரு சில்லறைக் கணக்கு இருக்கிறது, அது நடப்பதிலும் அடிப்பதிலும் சேராது. அதை வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள முடியாது, மிச்சம் வைத்தாலும் லாபம் இல்லை, ஆகவே அதைப் பற்றி யாருக்கும் அக்கறை கிடையாது, டிஎம்மைத் தவிர. “நீ ஏற்கெனவே இந்த டர்னில் கதவைத் திறந்தாய் அல்லவா?” என்று கேட்க வேண்டியவர் டிஎம். கேட்டால் சள்ளைபிடித்தவர் என்று பெயர், கேட்காவிட்டால் விதி செத்துவிடும். பல டேபிள்களில் செத்தும்விட்டது. பாத்ஃபைண்டரில் ஆயுதம் எடுப்பதும் ஒரு ஆக்‌ஷன், நடப்பதும் ஒரு ஆக்‌ஷன், அடிப்பதும் ஒரு ஆக்‌ஷன். எல்லாம் ஒரே பணப்பையிலிருந்து போவதால் விளையாடுபவரே கணக்குப் பார்க்கிறார். நான் காவல் காக்க வேண்டியதில்லை. ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளில் ஆன்லைனாக விளையாடினால் இன்னும் சுலபம், ஒவ்வொரு ஆயுதமும் ஒரு கையிலா, இரண்டு கையிலா, இடுப்பிலா, தரையிலா என்று பாத்திரத்தின் ஷீட்டிலேயே தெரிகிறது.

ஒரே பணம் என்றானவுடன் இன்னொன்றும் நடக்கிறது: காலிக் கைக்கு மதிப்பு வருகிறது. எதிரியைப் பிடிக்க, தடுக்கிவிட, பொதுவாகக் கை ஒன்று சும்மா இருக்க வேண்டும். போஷன் என்ற மந்திர மருந்தைக் குடிக்கவும்தான். பெரிய வாள் வைத்திருக்கும் ஒருவர் போஷன் குடிப்பதைப் பாருங்கள்: ஒரு கையை விடுவது இலவசம், போஷனை எடுக்க ஒன்று, குடிக்க ஒன்று, மறுபடி இரண்டு கையால் வாளைப் பிடிக்க ஒன்று. டர்ன் முடிந்தது. 2024 டி&டியில் அதே போஷன், முக்கிய வேலையோடு தனியாகக் கிடைக்கும் ஒரு சிறிய போனஸ் ஆக்‌ஷன், வாள் எந்தக் கையில் இருந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்கப்போவதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு இந்த இடத்தில் பாத்ஃபைண்டர் மேல் வெறுப்பு வரும், நியாயமான வெறுப்புதான். ஆனால் டி12 என்ற பன்னிரண்டு முகப் பகடை உருட்டும் ஆயுதத்துக்கு ஏதாவது ஒரு விலை வேண்டாமா? ஒரு கையைக் காலியாக விட்டுக் குட்டை வாளோடு திரிபவருக்கு ஏதாவது ஒரு லாபம் வேண்டாமா? டி&டியில் காலிக் கையோடு சண்டை போடுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை, பார்க்காததில் ஆச்சரியமும் இல்லை.

அப்புறம் ஆபத்து. பாத்ஃபைண்டரில் ஆயுதம் எடுப்பது கை வேலையாகக் கணக்காகும், எதிரிக்கு ரியாக்டிவ் ஸ்டிரைக் என்ற பதிலடித் திறமை இருந்தால் எடுக்கும்போதே ஒரு அடி விழும், அது கிரிட்டிக்கலாக (மிகப் பலமாக) விழுந்தால் எடுத்ததும் வீண். எல்லா எதிரிக்கும் அந்தத் திறமை கிடையாது, அதனால் முதல் ரவுண்டில் “இவனுக்கு இருக்குமோ” என்ற சந்தேகம் டேபிளில் ஒரு அமைதியைக் கொண்டுவரும். டிஎம்மாக எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். விளையாடுபவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.

2024-க்கு ஆதரவாகவும் சொல்ல இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் மாஸ்டரி என்று ஒரு தனிக்குணம் உண்டு, அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் ஆயுதம் மாற்றுவது சுலபமாக இருந்தே ஆக வேண்டும். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் மோல் என்ற பெரிய சம்மட்டியால் அடிக்கிறார், எதிரி சேவில் (தாக்குப்பிடிக்க உருட்டும் பகடையில்) தோற்றுக் கீழே விழுகிறது, அடித்த கையோடு மோலை வைத்துவிட்டு, இரண்டாவது அடிக்குப் பெரிய வாளை உருவி, விழுந்து கிடப்பதை அட்வான்டேஜோடு (கூடுதல் சாதகத்தோடு) வெட்டுகிறார். எழுத்துப்படி முற்றிலும் சரி. உற்சாகமாகவும் இருக்கும், முதல் தடவை. ரவுண்ட் என்பது ஆறு நொடி என்று நினைவு வந்தால் கொஞ்சம் சிரிப்பும் வரும். ஒரு கையில் கேடயத்தோடு மறு கையில் குட்டை வாளையும் குத்துவாளையும் மாற்றி மாற்றி எடுத்து இரட்டை ஆயுதக்காரராக அடிப்பதையும் எழுத்து தடுக்கவில்லை, அதைத் தடுக்க வீட்டு விதி போடும் டிஎம்கள் உண்டு. எறி ஆயுதத்தில் மட்டும் 2024 நிச்சயமாக மேல். 2014-ல் ஈட்டி எறிபவருக்கு இரண்டு அடி இருந்தாலும் டர்னுக்கு ஒரு ஈட்டிதான் இலவசமாக எடுக்க முடியும். 2024-ல் எறிவதிலேயே எடுப்பதும் சேர்ந்துவிட்டது. பாத்ஃபைண்டரில் எறிபவர் பாடு திண்டாட்டம். குயிக் டிரா என்ற ஃபீட் (எடுப்பதையும் அடிப்பதையும் சேர்த்துச் செய்யவிடும் சிறப்புத் திறமை) வேண்டும், அது ரேஞ்சர், ரோக் என்ற பாத்திர வகைகளுக்கு இரண்டாம் லெவலில் கிடைக்கும், இல்லாவிட்டால் எறிந்த ஆயுதம் கைக்கே திரும்பும்படி அதில் பொறித்த ரூன் என்ற மந்திரக்குறி வேண்டும்.

கிளெரிக் என்ற மதகுரு வகைப் பாத்திரத்தின் பக்கம் கதை தலைகீழ். 2014-ல் ஒரு கையில் கதாயுதம், மறு கையில் கடவுளின் சின்னம் பொறித்த கேடயம் என்று நிற்கும் கிளெரிக்கால் பிளெஸ் என்ற மந்திரத்தைப் போட முடியும், கியூர் வூண்ட்ஸ் என்ற மந்திரத்தைப் போடக் கதாயுதத்தை உள்ளே வைக்க வேண்டும், ஏனென்றால் மெட்டீரியல் (வேண்டிய பொருள்) உள்ள மந்திரத்தில்தான் சின்னத்தைப் பிடித்த கையே சைகையும் செய்யலாம், கியூர் வூண்ட்ஸில் மெட்டீரியல் கிடையாது. இதை ஒரு புதியவருக்கு விளக்கிப் பாருங்கள். வார் காஸ்டர் ஃபீட் எடுத்தால் தீரும். பாத்ஃபைண்டரில் இரண்டு கையும் நிறைந்திருந்தாலும் பெரும்பாலான மந்திரங்களைப் போடலாம்.

பாத்ஃபைண்டரில் எனக்கு உறுத்துவது ரூன். ஆயுதத்தின் பலம் அதில் பொறித்த ரூனில் இருக்கிறது, நாலாம் லெவல் ஸ்டிரைக்கிங் ரூன் 65 கோல்ட், ஒரு டேமேஜ் பகடையை இரண்டாக்கும். இரண்டாவது ஆயுதத்துக்கும் அதே செலவு செய்ய யாரிடம் காசு இருக்கிறது? ஆக ஆக்‌ஷன் செலவை ஒழுங்காக வைத்துவிட்டு, கோல்ட் செலவால் ஆட்களை ஒரே ஆயுதத்தில் கட்டிப் போடுகிறார்கள். ரூனுக்குப் பதில் லெவலோடு பலம் தானாக ஏறும் மாற்று விதி ஒன்று அவர்களிடமே இருக்கிறது, நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம், அது இல்லாமல் இந்த ஒப்பீட்டில் நான் இவ்வளவு தைரியமாகப் பேசியிருப்பேனா என்பது சந்தேகம்தான். பெரிய லெவல்களிலும் என் அனுபவம் குறைவு. 2024-ஐச் சின்ன லெவல்களில்தான் ஓட்டியிருக்கிறேன், நாலு அடி அடிக்கும் ஃபைட்டர் டர்னுக்கு நாலைந்து தடவை ஆயுதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தால் டேபிள் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நடத்தியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் மட்டும் விளையாடப்போகும் புதியவர்கள் என்றால் 2024-ஐ எடுங்கள், கையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். மாதக்கணக்கில் ஓடும் கேம்பெய்ன் என்றால் பாத்ஃபைண்டர், முதல் நாளே அந்த மாற்று விதியோடு. 2014-ஐ விட மனமில்லாதவர்கள் ஒன்று செய்யலாம்: கீழே போடுவதையும் அந்த ஒரே இலவசத்தில் சேர்த்துவிட்டு, ஒன்றை வைத்து ஒன்றை எடுப்பதை ஒரே தொடுதலாகக் கணக்கிடுங்கள். வில்கள் சேற்றில் கிடப்பது அன்றைக்கே குறையும்.